பழைய ஃபெராரியைத் தனியாரிடம் வாங்கலாமா? இப்போதேவா, வட்டி இறங்கிய பிறகா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து உம்லாங்காவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர் 2012ஆம் ஆண்டு ஃபெராரி 458 இத்தாலியாவை விற்கிறாராம். 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, டீலர்கள் கேட்பதைவிட விலை குறைவு. கையில் ஒரு பகுதி பணம் இருக்கிறது, மீதி 20 லட்சம் ரேண்டுக்கு வங்கிக் கடன். தனியாரிடம் வாங்குவது சரிதானா, இப்போதே முடிக்கலாமா, வட்டி இன்னும் இறங்கட்டும் என்று ஒரு வருடம் பொறுக்கலாமா என்பது கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் சந்தை எப்போது இறங்கும் என்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பணம் போவது வேறு இடத்தில்.

முதலில் வட்டிக் கணக்கைப் போட்டுவிடுவோம். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி 2020இல் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை, 3.5 சதவீதத்துக்கு இறக்கியபோது, வங்கிகள் நமக்குக் கடன் தர அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 7 சதவீதமாக இருந்தது. 2023 மே மாதம் ரெப்போ 8.25, பிரைம் 11.75 என்று உச்சத்துக்குப் போனது, 2024 செப்டம்பரில்தான் மறுபடி இறங்க ஆரம்பித்தது. அந்த 11.75க்கும் 10.25க்கும் உள்ள வித்தியாசத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம், 72 மாதம், கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகை எதுவும் இல்லை. 11.75இல் மாதத் தவணை சுமார் 38,840 ரேண்ட், 10.25இல் சுமார் 37,300. மாதம் 1,540 மிச்சம், ஆறு வருடத்துக்கும் சேர்த்து 1,10,000 சொச்சம். ஒன்றரை சதவீதம் இறங்கியும் அவ்வளவுதான். அதிலும் பிரைமோடு சேர்ந்து ஏறி இறங்கும் கடனாக எடுத்தால், வாங்கிய பிறகு வட்டி இறங்கினாலும் உங்கள் தவணையும் தானாகவே இறங்கும். அப்படியிருக்க எதற்குக் காத்திருக்க வேண்டும்? மோசமான ஒரு 458ஐ எடுத்துவிட்டால் இந்த 1,10,000 கியர்பாக்ஸ் பில்லில் ஒரே நாளில் காணாமல் போகும்.

அப்புறம் இந்த நாட்டுச் சந்தையின் அமைப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். பழைய கார்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய இங்கே பொதுவாக அனுமதி கிடையாது. திரும்பி வருபவர்கள், குடியேறுபவர்கள், மிகப் பழைய சேகரிப்பு வண்டிகள் என்று சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் பெர்மிட் வேண்டும். இடதுபக்க ஸ்டியரிங் வண்டியைச் சாதாரணமாகப் பதிவு செய்யவும் முடியாது. ஆகையால் துபாயிலோ ஜெர்மனியிலோ மலிவாகக் கிடக்கும் 458 இங்கே வந்து விலையை இறக்காது. அன்று புதிதாக வந்திறங்கிய வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் இன்றைக்கு மிச்சமிருப்பவைதான் மொத்தச் சரக்கும். இன்னொரு பக்கம், ரேண்ட் விழும்போது புது ஃபெராரியின் விலை ஏறுகிறது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழைய வண்டியின் விலையும் ஏறுகிறது. ஆனால் ரேண்ட் விழுந்து விலைவாசி ஏறும்போதுதான் வட்டியும் பெரும்பாலும் ஏறும், வாங்குகிறவர்கள் குறைவார்கள். இரண்டு விசையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், கீழே விழுந்து கிடக்கும்போது பொறுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவருக்கு அந்த நாள் வருவதே இல்லை. 458க்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்கு அடுத்து 2015இல் வந்த 488 மாடலில் டர்போ ஏறிவிட்டது. டர்போ இல்லாத வி8 எஞ்சினை நடுவில் வைத்த வரிசையில் 458தான் கடைசி. அதைத் தேடி வருகிறவர்கள் வட்டி பார்த்து வருவதில்லை.

அப்படியென்றால் நேரம் பார்ப்பதே வீணா என்றால், இல்லை. விற்கிறவருடைய நேரத்தைப் பாருங்கள். நான் பார்த்தவரை இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சொந்தத் தொழில் செய்கிறவர்கள். அவர்களில் பலருக்கு ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் வருமான வரியை முன்கூட்டியே கட்டும் தற்காலிக வரித் தவணை வரும். ஜனவரி கடைசியிலிருந்து விளம்பரத்தில் கிடந்து, பிப்ரவரி 20 வாக்கில் அவரே திரும்ப போன் செய்கிறார் என்றால், அப்போது பேசும் விலை வேறு. ஆஸ்திரேலியாவுக்கோ போர்ச்சுகலுக்கோ குடிபெயர்கிறவர் டிக்கெட் தேதியை வைத்து விற்பார். புது மாடல் கைக்கு வரப்போகிறவரிடம் டீலர் பழையதுக்கு அடிமாட்டு விலை சொல்லியிருப்பார். அந்த விலைக்கும் ஷோரூம் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்களுடைய இடம். "ஏன் விற்கிறீர்கள்?" என்ற கேள்வியை முதல் போனிலேயே கேட்டுவிட்டு, பேசாமல் இருந்து முழுப் பதிலையும் கேளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை எதையும் முடிக்கப் பார்க்காதீர்கள். நல்ல மெக்கானிக் விடுமுறையில் இருப்பார், பாதிச் சோதனையோடு பணம் கைமாறும்.

இப்போது தனியாரிடம் வாங்குவதைப் பற்றி. டீலரிடம் வாங்கினால் 2011 மார்ச் 31இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஆறு மாதத்துக்குள் பெரிய குறை தெரிந்தால் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தன் சொந்தக் காரை விற்கும் தனிமனிதருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற ஒரே சொல்தான் ஆட்சி செய்யும், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. குறை இருப்பது தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று நிரூபித்தால் அவர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடியாது. கஷ்டம் நிரூபிப்பதில்தான். அதனால் ஒப்பந்தத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்: விபத்து நடந்ததில்லை, கியர்பாக்ஸ் எச்சரிக்கை வந்ததில்லை, ஓடோமீட்டர் மாற்றியதில்லை, வண்டிமேல் கடன் இல்லை அல்லது இவ்வளவு இருக்கிறது. நேர்மையானவர் ஐந்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார். "அதெல்லாம் எதற்கு, நம்பிக்கைதானே முக்கியம்" என்று இழுக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இதை எங்கே கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். 2014இல் நான் தனியார் ஒருவரிடம் லம்போர்கினி கல்லார்டோ வாங்கினேன், கிளட்ச் பெடல் இல்லாத ஈ-கியர் கியர்பாக்ஸ் வைத்தது. அதில் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை டயக்னாஸ்டிக் கம்ப்யூட்டரைச் செருகினால் சதவீதமாகவே காட்டிவிடும், பத்து நிமிட வேலை. விற்றவர் மிக மரியாதையானவர், சர்வீஸ் புத்தகம் முழுக்க முத்திரை, டீ கொடுத்தார், வீட்டில் அம்மா வந்து பேசினார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை. மூன்றாவது வாரம் டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸில் என் மாமா வீட்டுச் செங்குத்தான வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது கருகிய வாடை வந்தது, அதோடு வண்டி நகரவில்லை. கிளட்சும் அதோடு மாற்ற வேண்டிய மற்றதும் சேர்ந்து நான்கு மாதச் சம்பளம் போனது. அவர் பொய் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் எதையும் எழுதி வாங்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, 458ஐ எப்படிப் பார்ப்பது. காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் கை குலுக்கிவிட்டு, பேச்சு ஆரம்பிக்கும் முன்பே பின்பக்க எஞ்சின் மூடியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வையுங்கள். ஒரு தடவை ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் காலை எட்டு மணிக்குப் போன எனக்கு அந்தக் கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது. கராஜ் தரையில் தண்ணீர் சொட்டிய ஈரத்தடம் புதிதாக இருந்தது, காலையிலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போதுதான் எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசலின் டிக் டிக் சத்தம் கேட்கும், சூடானால் உலோகம் விரிந்து அடங்கிவிடும்.

இந்த வண்டியின் பெரிய பயம் ஏழு கியர் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். உள்ளே இருக்கும் சென்சார்கள் போய்விட்டால் எச்சரிக்கை வரும், சில கியர் விழாது. ஆரம்பத்தில் முழுப் பெட்டியையே மாற்றினார்கள், இப்போது தெரிந்தவர்கள் திறந்து சென்சாரை மட்டும் மாற்றுகிறார்கள். ஆனாலும் பில் சின்னதில்லை. பழைய எச்சரிக்கைகள் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். நேற்றுதான் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றால் அதையும் பழக்கமுள்ளவர் கண்டுபிடிப்பார். 2011-12 காலத்தில் செய்த சில 458களுக்கு கிராங்க்ஷாஃப்ட் குறைக்காகத் திரும்ப அழைப்பு வந்தது. நீங்கள் பார்க்கும் வண்டி அந்த வருடத்தது, சேஸி எண்ணைக் கம்பெனி சர்வீஸ் மையத்தில் கொடுத்துக் கேட்காமல் ஒரு அடி நகராதீர்கள். பிரேக் கார்பன் செராமிக். டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும், பார்த்தால் தேய்மானம் தெரியாது, கழற்றி எடை போட வேண்டும். நான்கு டிஸ்க்கும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் அந்த வண்டி மலிவு இல்லை. உள்ளே ஜன்னல் பட்டன், ஏசி பட்டன்களைத் தொட்டுப் பாருங்கள், இந்தக் காலத்து ஃபெராரிகளில் மேற்பூச்சு உருகி, பலாப்பழம் உரித்த கைபோல விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஆபத்தில்லை, விலை பேச உதவும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017இன் 23ஆவது வாரம் செய்தது. மேல் பள்ளங்கள் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் கெட்டியாகிவிட்டிருக்கும், அப்படிப்பட்ட டயரோடு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வான் ரீனன் கணவாய் இறங்கி 570 கிலோமீட்டர் ஓட்டி வராதீர்கள், லாரியில் ஏற்றி எடுத்து வாருங்கள். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 458இன் உடம்பு அலுமினியம், இரும்பை மட்டும் அளக்கும் மலிவுக் கருவி இதில் வேலை செய்யாது. லிஃப்டில் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், நம் ரோட்டுக் குழிகள் தட்டையான அடித்தகடுகளையும் முன் உதட்டையும் என்ன செய்திருக்கின்றன என்று தெரியும். முன்பக்கத்தை உயர்த்தும் வசதி போட்ட வண்டியா என்று கேளுங்கள். டர்பன் மேடு பள்ளத்தில் அது இல்லாமல் பாதி வீடுகளுக்குள் போக முடியாது.

சர்வீஸ் புத்தகத்தைப் படிக்கும்போது கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வருடத்துக்கு ஒன்று அல்லது 20,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுதான் சர்வீஸ். ஃபெராரியின் ஏழு வருடப் பராமரிப்புத் திட்டம் இந்த வண்டிக்கு இருந்திருந்தாலும் 2019இல் முடிந்திருக்கும். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பில் இருக்கிறதா? 2019வரை அழகான முத்திரைகள், பிறகு 2023இல் ஒரே ஒரு ஆயில் மாற்றம் என்றால், திட்டம் முடிந்தவுடன் உரிமையாளரின் கவனமும் முடிந்துவிட்டது. நாற்பதாயிரம் ஓடி வருடாவருடம் பில் உள்ள வண்டியைத்தான் நான் எடுப்பேன், பதினைந்தாயிரம் ஓடி மூன்று வருடம் துணி போர்த்தி நின்றதை அல்ல. நின்றே கிடந்தால் சீல்கள் காயும், பேட்டரி சாகும், அது செத்தால் கம்ப்யூட்டர்கள் தாறுமாறாகப் பேசும்.

இன்னொன்று, டெஸ்ட் டிரைவ். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், 570 குதிரைத்திறன் ஏறத்தாழ 470 ஆகிவிடும். இழுவை கம்மியாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், கடற்கரைக்கு வந்தால் அதே வண்டி திறந்துகொள்ளும். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் இத்தனை வருடம் துருவில்லாமல் இருந்ததை உம்லாங்கா உப்புக்காற்றில் வைத்தால் இரண்டே வருடத்தில் போல்ட்டுகளும் எக்ஸாஸ்ட் கிளாம்புகளும் பழுப்பாகும், வயரிங் கனெக்டர்களில் பச்சை படியும். அலுமினியத்திலும் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் வரும். மூடிய கராஜ், ஈரம் உறிஞ்சும் கருவி, காற்றுப் போகும் போர்வை, பேட்டரி சார்ஜர், இவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன் யோசியுங்கள். டர்பனிலேயே ஓடிய வண்டியைவிடக் கடலோரத்திலிருந்து தள்ளி உள்ளே ஓடிய வண்டி மேல் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

காகிதங்கள். பதிவுச் சான்றிதழில் டைட்டில் ஹோல்டர், அதாவது சட்டப்படி உரிமை உள்ளவர், யார் என்று பாருங்கள். விற்கிறவருக்குக் கடன் இருந்தால் அங்கே வங்கியின் பெயர் இருக்கும், கடன் தீரும்வரை வண்டி வங்கியுடையது. கடனை முடிக்க இன்னும் எவ்வளவு என்று வங்கி எழுதித் தரும் செட்டில்மென்ட் கடிதத்தை அவரிடம் கேட்டு, அந்தத் தொகையை நீங்களே வங்கிக்கு நேரடியாகக் கட்டி, மீதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். கம்பெனி பெயரில் இருந்தால் இயக்குநர்களின் தீர்மானம், இறந்தவர் பெயரில் இருந்தால் அவர் சொத்தை நிர்வகிப்பவருக்கான நீதிமன்றக் கடிதம், இவற்றைக் கேளுங்கள். சான்றிதழிலேயே வண்டியின் நிலை இருக்கும். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் உடைந்து மறுபடி கட்டியது, எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள், இன்சூரன்ஸும் கடனும் கிடைப்பது சிரமம், பிறகு விற்கவும் முடியாது. 2012 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு மைக்ரோடாட், அதாவது அடையாள எண் பொறித்த நுண்புள்ளிகள், கட்டாயம். உங்களுடையது அதற்குப் பிறகு பதிவானதென்றால் புற ஊதா விளக்கில் அந்தப் புள்ளிகள் தெரிய வேண்டும். பெயர் மாற்ற 21 நாள் அவகாசம். ரோட்டில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும், ஆனால் அது விளக்கு, பிரேக், ஸ்டியரிங் பார்ப்பது, அதை வைத்து வண்டி நல்ல வண்டி என்று நினைத்துவிடக் கூடாது.

பணம் கொடுக்கும் நாள்தான் எனக்கு எப்போதும் பயமான நாள். பார்க்காத வண்டிக்கு "பிடித்து வைக்க" என்று ஒரு ரேண்ட்கூட அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாள் காலையில் அவருடைய வங்கிக் கிளையிலேயே சந்தியுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். சாவி இரண்டும், அலாரம் ரிமோட்டும், புத்தகங்களும், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவமும் மேசைமேல் வந்த பிறகு பணம். ரொக்கமாகத் தந்தால் குறைப்பேன் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பெரிய ரொக்கம் வங்கியைத் தொட்டவுடன், 49,999.99 ரேண்டுக்கு மேல் என்றால், அவர்கள் புகாரளித்தே ஆக வேண்டும். உங்கள் பணம் நேர்மையானது, அதற்குத் தடம் இருக்கட்டும்.

இன்சூரன்ஸை முன்கூட்டியே பேசி, பணம் போகும் அதே நிமிடத்திலிருந்து ஓடும்படி வையுங்கள். சந்தை மதிப்பு என்று எழுதாமல் ஒப்புக்கொண்ட தொகை என்று எழுதச் சொல்லுங்கள், இவ்வளவு அரிதாகக் கைமாறும் வண்டிக்குப் புத்தக விலையை நம்ப முடியாது. வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் கேட்பார்கள். விலை ஏறும், விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது என்பது உண்மை, ஆனால் வாங்கி விற்பதே நோக்கம் என்று வரித்துறை பார்த்தால் அது வருமானம். கையிலிருக்கும் பணத்தை வங்கியில் 8 சதவீதத்துக்குப் போட்டால் ஒவ்வொரு லட்சமும் வருடத்துக்கு 8,000 தரும். அதை விட்டுக்கொடுத்து ஓட்டும் சந்தோஷத்துக்காக வாங்குகிறீர்கள் என்று உங்களுக்குள் தெளிவாக இருந்தால் வாங்குங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் பூஜை போடுவீர்கள் என்று நினைக்கிறேன், நானும் போட்டேன். எலுமிச்சை வைக்கலாம், மாலை போடலாம். சந்தனம் குங்குமத்தை மட்டும் பெயிண்ட்மேல் காயவிடாமல் அங்கேயே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், வெயிலில் அந்தச் சிவப்பு இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, சேஸி எண்ணையும் 2019க்குப் பிறகு வந்த பில்களின் படங்களையும் அவரிடம் கேட்டு வாங்குவது. வந்தவுடன் எனக்கு அனுப்புங்கள். அவர் வழக்கமாக விடும் ஒர்க்ஷாப்பில் அல்ல, வேறு ஒர்க்ஷாப்பில் நம் செலவில் அரை நாள் சோதனைக்கு ஒப்புக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எந்த சனிக்கிழமை என்று சொல்லுங்கள், நான் விடிகாலை மூன்று மணிக்கு டர்பனிலிருந்து கிளம்பினால் ஒன்பதுக்குள் அங்கே நிற்பேன்.